அரண்மனை நாய்

"சீனாக்காரனோட சண்டை நடக்கு. இங்க சீன நாய் இருக்கலாமா?"

அறுபத்திரண்டு நவம்பர். தாராவியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு சாலின் சங்கச் செயலாளர் செல்லத்துரை, ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு தெரசம்மாள் வாசலில் நின்றார்.

அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். சப்பை மூக்கும் சிங்கப் பிடரியுமாக அந்தக் குட்டை நாய் படியை அடைத்துப் படுத்திருந்தது.

"எந்திரிக்குதா பாரு, சவம்."

"எந்திரிக்காது அண்ணாச்சி. இதோட பாட்டன் பூட்டன் எல்லாம் சீன ராசா அரண்மனையில வளர்ந்தது. ராணிமாரு சட்டைக் கைக்குள்ள வச்சுத் தூக்கிட்டுத் திரிவாங்களாம். யார் அதட்டினாலும் நகராது."

"உனக்கு யாரு சொன்னா?"

"நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரி டாக்டரு. சீனாக்காரருதான். போன வாரம் போலீஸ் அவரைக் கூட்டிட்டுப் போகும்போது இதை என் கையில குடுத்தாரு."

செல்லத்துரை வரிசைப் பற்கள் தெரிய, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டீங்களா? சீனாக்காரன் சாமான் ஒண்ணுகூட இந்தச் சால்ல இருக்கக்கூடாது. இப்பவே விரட்டு."

"விரட்டுதேன். மொதல்ல நீங்க கழட்டி இந்த டம்ளர்ல போடுங்க."

"என்னத்த?"

"பல்செட்டை. அது அந்த டாக்டரு கட்டினதுதான? நீங்க பல்லு கட்ட வந்த அன்னிக்கு அங்க தரை துடைச்சிட்டிருந்தது நாந்தான் அண்ணாச்சி. நீங்க குனிஞ்சு பாக்கல."

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். செல்லத்துரை உதடுகளை இறுக மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

நாய் அப்போதும் எழுந்திருக்கவில்லை.