இன்னும் ரெண்டடி

அந்தப் புகைப்படச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. திரையில் போட்ட படத்தை மற்றவர்கள் அலசி முடிக்கும்வரை, எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு கூட்டமாகத் தலைகாட்டாத தபால்காரர் அன்று ஒரு படத்தோடு வந்தார்.

"இதுவே போதுமான்னு மட்டும் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் மலை, பனிமூட்டம், பாறைமேல் சிவப்புக் குடையோடு ஒரு பெண்.

சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க மலையில உயிரே இல்லை, ஒரு ஆளை நிறுத்துங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா? மனுஷன் கேட்டிருக்கார்யா!"

"வீட்டம்மாவா? ஆளையே காணோமேன்னு பார்த்தா, ஜோடியா ஊர் சுத்தியிருக்கார்!" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரர் சிரிக்கவில்லை. விதியை மதிக்கிறார் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

"ஒரே குறைதான்." தலைவர் எழுந்துபோய்க் குடைமேல் விரலை வைத்தார். "இன்னும் ரெண்டடி விளிம்புப் பக்கம் நின்னிருந்தா, பின்னால வெறும் பனிதான். படம் எங்கேயோ போயிருக்கும்! சரி, இப்ப பேசுங்க."

தபால்காரர் எழுந்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"எனக்கும் அப்படித்தான் சார் தோணிச்சு. 'இதுவே போதும், வாங்க போலாம்'னா அவ. நான்தான் இன்னும் ரெண்டடி பின்னால போகச் சொன்னேன்."

"அப்ப அந்தப் படத்தைக் கொண்டுவர வேண்டியதுதானே?"

"அதுல பாறை மட்டும்தான் சார் இருக்கு."

குடைமேல் வைத்த விரலை எடுக்கத் தலைவருக்குத் தோன்றவில்லை.