தகர வேலிக்கு அங்காலை ஒரு நாடகம்

"படையலிலை நீ கை வைக்கக் கூடாது."

தக்சாயினி அப்படிச் சொன்னதும் உதயகலாவின் கையில் இருந்த பனங்காய்ப் பணியாரத் தட்டு அந்தரத்தில் நின்றது.

நல்லம்மா செத்து எட்டாம் நாள். கிழவிக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைக்கிற நாள். மகள் தக்சாயினி செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்தவள். மருமகள் உதயகலா இரண்டு வருடமாகக் கிழவியைக் கழுவித் துடைத்துப் பார்த்தவள். அது சுன்னாகத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை ஆர் கதைக்கிறது? அதில் ருசி இல்லை.

"ஏன் மச்சாள்?"

"ஏனோ? அம்மா சாகக் கிடக்கேக்கை நீ நாடகம் பாத்துக்கொண்டு இருந்தனியாம். ஞானக்கா எல்லாம் சொல்லிப்போட்டா."

ஞானக்கா என்றது பக்கத்து வளவு ஞானாம்பிகை. தகர வேலிக்கு அங்கால் அவவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு. பின்னேரம் ஆறு மணியானால் அதில் வந்து இருப்பா. காற்று வாங்கவாம். தகரத்துக்குள்ளால் என்ன காற்று வருமோ, எனக்குத் தெரியாது.

"நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. என்ரை காதாலை கேட்டனான்," என்றா படையலுக்கு வந்து முன்னால் இருந்த ஞானாம்பிகை. "ரெண்டு வருசமா ஒரு நாள் தவறேல்லை. மனுசி செத்த அண்டும் ஓடினது. ஒருத்தி அழுறாள், ஒருத்தன் கத்திறான், இடையிலை சவர்க்கார விளம்பரம்."

"என்ன நாடகம்?" என்றாள் தக்சாயினி.

"பேர் தெரியாது. என்ரை டிவியிலை இருக்கிற சனலெல்லாம் தேடிப்போட்டன். வரேல்லை. உவை வேறை ஏதோ டிஷ் போட்டிருக்கினம்."

"நீங்கள் ஏன் தேடினனீங்கள்?" என்றான் கோபிசங்கர். தக்சாயினியின் தம்பி, உதயகலாவின் புருசன். நாளுக்கு ஒரு கேள்விதான் கேட்பான்.

அது ஞானாம்பிகைக்குக் கேட்கவில்லை. வேலிக்கு அங்காலிருந்தே எல்லாம் கேட்கிற காது.

"ஆனால் நல்ல கதை, சொல்ல வேணும். காமாட்சியெண்டு ஒரு பெட்டை. கப்பலுக்குப் போய்த் திரும்பாத புருசனைத் தேடுறாள்." அவவுக்குக் கண் கலங்கியது. "கப்பல் கடலிலை மூழ்கித் தாண்டுபோச்செண்ட அண்டு நான் இராச்சாப்பாடு சாப்பிடேல்லை. அதிலை ஒரு மூதேவி இருக்கிறாள், செல்லாச்சி. அடுத்த வீட்டுக் கதையைக் காவிக்கொண்டு போய்க் குடும்பத்தைப் பிரிக்கிறவள். அவளைப் பூவரசிலை கட்டிவைச்சு அடிக்க வேணும். அவள் நாசமாய்ப் போகவேணுமெண்டு பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைச்சனான்."

தக்சாயினி உதயகலாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியோ? கண் தெரியாத மனுசி கட்டிலிலை கிடக்க, உனக்கு நாடகம். எங்கை அந்த டிவி? இப்பவே கிணத்துக்கை போடுறன்."

டிவி மூலையில் துணி போர்த்துக் கிடந்தது. துணியை ஒரே இழுவையாக இழுத்தாள். நாலு பல்லி முட்டை உருண்டு விழுந்தது. டிவியின் பின்பக்கம் உருகிக் கரியாகக் கிடந்தது.

"ரெண்டு மாரிக்கு முந்தி இடி விழுந்து எரிஞ்சது, அக்கா," என்றான் கோபிசங்கர். "அதுக்குப் பிறகு இந்த வீட்டிலை டிவி இல்லை."

"அப்ப ஆர் அழுதது? ஆர் கத்தினது?"

"நான்தான்," என்றாள் உதயகலா. "மாமிக்கு நாடகம் இல்லாட்டிச் சோறு இறங்காது. கண்ணும் போச்சு, டிவியும் போச்சு. டிவி போனதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. கதையை நானே இழுத்துக்கொண்டு போனன். விளம்பரம் வந்தால்தான் சோத்துக்கு வாய் திறப்பா. அதுதான் சவர்க்காரம்."

உதயகலா முன்பள்ளி ஆசிரியை. நரிக்கும் காகத்துக்கும் குரல் கொடுத்துப் பழகின தொண்டை.

"அம்மா செத்த அண்டைக்கு?" தக்சாயினியின் குரல் இறங்கிவிட்டது.

"அண்டைக்குச் சாப்பிடேல்லை மச்சாள். 'காமாட்சி புருசனைக் கண்டாளோ பிள்ளை' எண்டு மட்டும் கேட்டா. 'ஓம் மாமி, கண்டிட்டாள்' எண்டன். அதோடை கண்ணை மூடினவ."

தக்சாயினி வாழையிலையை விட்டு விலகி நின்றாள்.

"நீயே படை உதயா."

உதயகலா படைத்தாள். கற்பூரம் எரிந்து முடிந்தது. தட்டு சபைக்கு வந்தது. ஞானாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

"கண்டிட்டாளோ! கடைசியிலை சத்தத்தைக் குறைச்சுப்போட்டாய், எனக்குக் கேட்கேல்லை. அப்ப பிள்ளை, அந்தச் செல்லாச்சி? உண்மையிலை அப்பிடி ஒருத்தி இல்லையோ? என்ரை தேங்காய் வீணோ?"

உதயகலா முதல் பணியாரத்தை அவவிடமே நீட்டினாள்.

"இருக்கிறா ஞானக்கா. எடுங்கோ. 'என்ரை காதாலை கேட்டனான்' எண்டு செல்லாச்சி வாய் திறந்தால் காணும், மாமி கெக்கட்டம் விட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்குள்ளைதான் நான் ரெண்டு கரண்டி சோறு கூடத் தீத்தினனான்."