கரையேற ஒரு டாங்கி

"அப்பா, சிற்றிக்காரர் ஏன் எங்கட வாசலையும் டொனலி அங்கிளின்ர வாசலையும் மட்டும் பனி வழிச்சு விடினம்?"

ஜெனிற்றா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கனடாவில், மில்லிக்கனில் வீடு வாங்கிய பிறகு வந்த இரண்டாவது பனிக்காலம் அது.

"நாங்கள் வரியை நேரத்துக்குக் கட்டுறமெல்லே பிள்ளை," என்றான் இக்னேசியஸ்.

அதை அவன் முழுமனதாக நம்பினான். பிறம்ரனில் இரவு வேலை முடித்து விடியப்புறம் வீடு திரும்பினால் வாசலில் பொட்டுப் பனி இராது. இப்படியும் ஒரு நாடா என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு காரை உள்ளே விடுவான்.

சில வருடங்கள் கழித்து ஒரு மார்கழியில், பக்கத்து வீட்டு டொனலி படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்தக் கிழமை பெய்த பனி இக்னேசியஸின் வாசலில் பெய்தபடியே கிடந்தது.

அவன் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தான். வீட்டு வாசல்களை நாங்கள் ஒருநாளும் வழித்ததில்லையே என்று மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு, யன்னலால் பக்கத்து வீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து இரண்டு வாசலையும் அவன்தான் வழிக்கிறான். ஆனால் டொனலி அதை யன்னலில் நின்று பார்க்கிறார், கையசைக்கிறார், நன்றி சொல்கிறார். முந்தி தான் செய்ததைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததே இல்லை. யாருக்கும் தெரியாமல் செய்த ஒன்றை, யாருக்கும் தெரியும்படி திருப்பிக் கொடுத்தால் கணக்குச் சரிவருமா என்பது இக்னேசியஸின் மனதில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது டொனலிக்கு எண்பத்து நாலு வயது. வெள்ளிக்கிழமை மகள் வந்து அவரை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கே பசையும் கூர்க்கத்தியும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அவரின் சாப்பாட்டு மேசையில் பாதி முடிந்த பொம்மைப் போர் டாங்கி ஒன்று நிற்கிறது. உள்ளங்கை நீளத்தில், பிளாஸ்ரிக்கில், பிரிட்டிஷ்காரரின் சேர்ச்சில் டாங்கி. அதன் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஒட்டிக் கோக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் உளுந்தளவு. டொனலியின் கையோ காற்றில் ஆடும் இலை போல நடுங்குகிறது. ஒரு பின்னேரம் முழுக்க இருந்தால் இரண்டு கண்ணி ஒட்டுவார். பிறகு களைத்துத் தூங்கிவிடுவார். எழும்பும்போது எத்தனை ஒட்டினோம் என்பது அவருக்கு நினைவிராது.

"நான் செய்து தரட்டுமா?" என்று இக்னேசியஸ் ஒருமுறை கேட்டிருக்கிறான்.

"இல்லை. இது என் அப்பாவின் டாங்கி."

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அவசர அவசரமாகச் செய்த டாங்கி அது. குறைகள் உண்டு, திருத்த நேரமில்லை, இப்படியே அனுப்புகிறோம் என்று செய்தவர்களே கைநூலில் எழுதி அனுப்பினார்களாம். அதைக் கொண்டுதான் கனேடியப் பையன்கள் பிரான்சின் டியெப் கரையில் இறங்கினார்கள். கடற்கரைக் கூழாங்கற்கள் சங்கிலிக்குள் புகுந்து இறுக, டொனலியின் தகப்பன் இருந்த டாங்கி அசையாமல் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே, காலாட்படைப் பையன்கள் படகுக்குத் திரும்பும்வரை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு இவர்கள் ஜேர்மன்காரரிடம் பிடிபட்டார்கள்.

போர் முடிந்து, டொனலி முதன்முதலாகத் தகப்பனின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு நாலு வயது.

"சங்கிலி முழுதாக இருக்க வேண்டும்," என்று சொல்லியிருக்கிறார். "இந்த முறை அவர் கரையேறட்டும்."

இன்று வியாழக்கிழமை.

சூப்புச் சட்டியோடு வெளிக்கிட்டவனைப் பார்த்து மனைவி றஜிதா சிரித்தாள். "டாங்கிச் சத்தத்துக்குப் பயந்து கனடாவுக்கு ஓடிவந்த மனுசன், இஞ்ச வந்து டாங்கிக்குக் காவல் இருக்கிறார்."

அவள் சொன்னதில் பிழையில்லை. ஊரின் தார் வீதியில் ஆமி டாங்கியின் சங்கிலி உருளும் சத்தம் இன்னும் சில வேளைகளில் அவன் கனவில் வரும்.

டொனலி சாய்கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு பக்கச் சங்கிலி அரைவாசிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. இக்னேசியஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். இது களவென்றால் ஆண்டவர் பொறுக்கட்டும். கண்ணி பிடிக்கும் சாவணத்தை எடுத்தான்.

வெளியே வெளிச்சம் மங்கும்போது கடைசிக் கண்ணி பொருந்தியது. சாவணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, குசினிக்குப் போய்ச் சூப்பைச் சூடாக்கத் தொடங்கினான்.

கதிரை கிறீச்சிட்டது. டொனலி எழும்பி வரும் காலடி. அது மேசையடியில் நின்றது.

"நானா இதை முடித்தேன்?"

அந்தக் குரலில் மகிழ்ச்சி இல்லை, சந்தேகம்தான் இருந்தது. இக்னேசியஸ் திரும்பிப் பார்க்காமல் அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தான்.

டொனலி டாங்கியைக் கையில் எடுத்து, சங்கிலியின் மேல் மெதுவாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் தடக்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் தடக்கியது. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"என் கைதான்," என்றார். "பார், எவ்வளவு கோணல்."

"கொஞ்சம் கோணல்தான்," என்றான் இக்னேசியஸ், பசை காய்ந்த விரல்களை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு.

நேரான கண்ணிகளை அவன் கெதியாகவே ஒட்டி முடித்திருந்தான். அந்தக் கோணல்களுக்குத்தான் பின்னேரம் முழுவதும் போயிற்று.