கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி

கட்டிலுக்கடியில் புதுப் பெட்டி. திறந்தால் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அளவு டேப். அவனுக்குச் சுருக்கென்றது.

"நான் இல்லாதப்ப யாரு வந்தது?" என்றான் மனைவியிடம்.

"யாரும் வரலை."

"அப்ப இழுத்துக்கிட்டிருந்த சமையலறைக் கதவு எப்படி நேராச்சு?"

"நான்தான் போன்ல பார்த்துச் செஞ்சேன்."

"ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு. யார் காதுல பூ சுத்தறே? எவன்னு சொல்லு!"

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள்.

"அக்கா, எங்க ஜன்னலையும் சரிபண்ணித் தாங்களேன். உங்க வீட்டுக்காரரைக் கேட்டா மூணு மாசமா 'நாளைக்கு'ங்கறார். பேருதான் கார்ப்பென்டர்..."

அவனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மனைவி பெட்டியைத் தூக்கினாள்.

"அதுக்கென்ன, இப்பவே வர்றேன்."