பாறைக்கு அந்தப் பக்கம்

இன்றைக்கும் அவன் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். பேன்ட் நனைவதுகூடத் தெரியவில்லை. அலையில் சறுக்குகிற போர்டும் கையில் இல்லை.

கரையிலிருந்து கோச்சக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறவள். கடலில் விழுந்தவர்களை இழுத்துப் போட்டே கை காய்த்துப் போனவள். விழப் போகிறவனைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா?

"தம்பி, மேல வா. வேலை கிடக்கு."

வந்தான். சொன்னால் உடனே கேட்பான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஊருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பள்ளியில் உடைந்து கிடந்த போர்டுகளையெல்லாம் ஒட்டித் தேய்த்துப் புதுசாக்கிவிட்டான்.

பழைய ஊரில் அலைமேல் நிற்பதில் அவனை மிஞ்ச ஆளில்லையாம். அவனும் மனைவியும் சேர்ந்தே கடலுக்குள் போவார்களாம். ஒரு நாள் அவள் தனியாகப் போனாள், போர்டு மட்டும் கரைக்கு வந்தது. "அந்தக் கடலைப் பாக்க முடியலக்கா. அதான் வேற கடல் தேடி வந்துட்டேன்" என்று வேலை கேட்டு வந்த அன்றைக்குச் சொன்னான். அக்கா அப்போதே வேலை கொடுத்துவிட்டாள்.

"அக்கா" என்றான் இப்போது. "பாறைக்கு அந்தப் பக்கம் யாரும் போறதில்லையா?"

"அங்க எதுக்குப் போறே? கீழ இழுப்பு இருக்கு. ஒரு ஆளை இழுத்துட்டுப் போனாக்கூட இங்கேருந்து யார் கண்ணுக்கும் தெரியாது."

"அப்படியா" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் போய் இவனிடம் சொன்னோமே என்று அக்கா தன் வாயைத் தானே நொந்துகொண்டாள்.

மத்தியானம் புருஷனிடம் புலம்பித் தீர்த்தாள். "அந்தப் பையன் சாகத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கான். என் கண்ணு முன்னால ஒரு உசிரு போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"அதுக்கு என்ன பண்ணுவே? காவலுக்கா நிப்பே?"

"அவனுக்கு ஒரு துணை வேணும்."

"ஆரம்பிச்சிட்டியா! பல்லு போனவனுக்குக்கூடப் பொண்ணு பாக்குற ஆளாச்சே நீ" என்று அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் மனதில் பாறைக்காரி வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

பாறைக்காரி என்பது அக்கா வைத்த பெயர். அவளும் வெளியூர்தான், வந்து வருஷம் ஒன்று இருக்கும். சலவைக் கடை ஒன்றின் பின்னறையில் துணி தேய்க்கிறாள். விடிந்ததும் ஆளில்லாத அந்தப் பாறைக்குப் பின்னால் போர்டோடு இறங்கிவிடுவாள். போர்டுக்குப் பூசுகிற மெழுகு வாங்க வரும்போது மட்டும் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுவாள்.

அலைக்காகக் காத்திருக்கிறவர்கள் போர்டின் மேல் கடலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அலை அங்கிருந்துதானே வரும்? அக்கா எப்போதாவது பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், இவளோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையையே பார்த்திருப்பாள். யாராவது வர மாட்டார்களா என்று ஏங்குகிறாள் பாவம் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் பேச்சை மெல்ல எடுத்தாள். "தம்பி, பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு வருது. உன்னை மாதிரியே ஒண்டிக்கட்டை. அலையில ஏறி நின்னா கண்ணை எடுக்க முடியாது."

போர்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "எந்தக் காலை முன்னால வைக்கும்?"

"நல்லாயிருக்கே! பொண்ணுன்னா பேரு கேப்பாங்க, ஊரு கேப்பாங்க. நீ காலைக் கேக்குறே!" அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வலது கால். அதுவும் பாதம் லேசா உள்பக்கம் திரும்பியிருக்கும்."

அவன் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. உதட்டோரத்தில் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. அக்காவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இவன் இனிமேல் பிழைத்துக்கொள்வான்.

"வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

இருவரும் பாறையைச் சுற்றிக்கொண்டு போனபோது, அவள் ஓர் அலையில் ஏறிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கிட்டத்தில் வந்து நிமிர்ந்தவள் அவனைப் பார்த்தாள். அடுத்த நொடி கால் தடுமாறித் தண்ணீரில் விழுந்தாள்.

"பாத்தியா, என்ன வெக்கம்!" என்றாள் அக்கா. "போ, போய்த் தூக்கிவிடு. எனக்கு அங்க பசங்க காத்திருப்பாங்க."

அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கினான். முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி விறுவிறுவென்று போனான். இத்தனை நாள் கடலுக்குப் பயந்து நின்றவனா இவன் என்று அக்கா பூரித்துப் போனாள். இளசுகளுக்கு நடுவில் நந்தி மாதிரி நிற்பானேன் என்று திரும்பி நடந்தாள்.

பின்னால் "அக்கா!" என்று அந்தப் பெண் கூப்பிட்டதுபோல் இருந்தது. நன்றி சொல்லத்தான் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாறையைத் தாண்டினாள்.

பெண்ணின் கணுக்காலையும் போர்டையும் இணைக்கும் கயிற்றை அவன் எட்டிப் பிடித்தான். முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவள் திமிறத் திமிற அவன் பக்கம் வந்தாள்.

"நீ செத்துட்டேன்னு நம்ம ஊரே நம்பிடுச்சுடி" என்றான், வீட்டில் பேசுகிற அதே குரலில். "அது அப்படியே இருக்கட்டும்."