மூணு மாச மெம்பர்ஷிப்

“ஊட்லயே பண்ணிக்கிறனுங்க. எனக்கெதுக்குங்க ஜிம்மு?”

கமலாத்தாள் அந்த அட்டையைத் தொடக்கூட இல்லை. அர்த்தநாரி அதைச் சாப்பாட்டு மேசையில் மனைவி பக்கமாகத் தள்ளி வைத்தார். கொழிஞ்சாம்பாறையில் புதிதாகத் திறந்திருக்கும் வனிதா ஜிம்மின் மெம்பர்ஷிப் அட்டை. பெண்களுக்கு மட்டுமான ஜிம். மூன்று மாதத்துக்கு அவரே பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

“சர்க்கரை ஏறிக் கெடக்குது. முட்டி வலிங்கறே. தெனமும் ஒரு மணி நேரம் ஒடம்ப அசைக்கோணும்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“அதுக்குத்தானுங்க யோகாப் பாய் வாங்கியாச்சு. போன்ல பாத்துப் பண்றனே.”

“ரெண்டு நாள் பண்ணுனே. மூணாம் நாள் அந்தப் பாய்ல வடகம் காயப் போட்டே.”

கமலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் தானாக ஒரு சேலை வாங்கி வந்ததில்லை. தென்னை, மாடு, வாய்க்கால் தண்ணீர் இவற்றைத் தாண்டி அவர் பேச்சு போனதுமில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் வாயில் ஜிம் எப்படி வந்தது?

“அதை நடத்தறது ஆருங்க?”

அர்த்தநாரி தண்ணீர்ச் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஆரோ ஒரு பொண்ணு. நல்லா சொல்லித் தருதாமா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊருல பேசிக்கறாங்க. ஒரே ஒருக்கா போய்ப் பாரு, புள்ள. புடிக்கலீன்னா அப்பறம் போகாத.”

சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துச் சரஸ்வதியம்மாள் மோர் வாங்க வந்தாள்.

“கமலா, உன்ற ஊட்டுக்காரரு ஜிம்முல சேந்துட்டாரா?”

“அது பொம்பளைங்க ஜிம்மு, அக்கா.”

“அதாங் கேக்கறேன். நேத்து பஸ்ஸுல வாரப்போ பாத்தேன். அதுக்கு முன்னால அவரு வண்டி நிக்குது. உச்சி வெயில் நேரம். ஷட்டர் பாதி எறக்கிக் கெடந்துச்சு.”

“வேற ஆரு வண்டியாச்சும் இருக்கும்.”

“பின்னால எளநிக் கொலை கட்டியிருந்துச்சு. உங்க வண்டிய எனக்குத் தெரியாதா?”

கமலாத்தாள் பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

அதன்பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் அவள் கண்ணில் பட்டது. பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். மூன்று மணிக்கு வந்து பசியில்லை என்கிறார். முந்தின வாரம் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடச் சொல்லி, மரம் ஏறுகிறவர்களுக்கு என்று டப்பாவோடு எடுத்துப் போயிருந்தார். மரம் ஏறித் தேங்காய் போட வந்தவர்களிடம் நல்லா இருந்துச்சா என்று கேட்டாள். என்ன கச்சாயம் என்று விழித்தார்கள்.

புதன்கிழமை பொழுது சாயும் நேரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் கொட்டகைக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“இல்ல கண்ணு, அவ அசைய மாட்டேங்கறா. ஊட்லயே பண்றேங்கறா. இரு, இன்னொருக்கா சொல்லிப் பாக்கறேன். நீ சாப்பிட்டயா?”

கண்ணாம். சாப்பிட்டாயா என்று தன்னை அவர் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. தினமும் ஒரு மணி நேரம் தன்னை அங்கே கொண்டுபோய் விட்டால், கூட்டிப் போகவும் கொண்டுவரவும் என்று இவருக்கும் போய்வர ஒரு சாக்கு. கட்டின பெண்டாட்டியை வைத்தே வழி தேடுகிறார். அவளுக்கு அழுகை வரவில்லை.

வியாழக்கிழமை அவர் வண்டி கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் இரண்டு சேலைகளைப் பையில் திணித்தாள். கண்ணால் பார்த்துவிட்டால் அங்கிருந்து நேரே பொள்ளாச்சி, தம்பி வீடு. திரும்பி வருவதாக இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஷூ. முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தாள்.

இயந்திரங்களுக்கு நடுவே அர்த்தநாரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிராக் பேண்ட் போட்ட ஒரு இளம்பெண் முதுகைக் காட்டி நின்று, அவர் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“இத்தன நாளா இதானுங்களா நடக்குது?”

கமலாத்தாளின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “வயசு அம்பத்தெட்டு ஆச்சு. உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? அவளுக்காச்சும்...”

அந்தப் பெண் திரும்பினாள்.

கமலாத்தாள் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

அர்த்தநாரி பதறவில்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை மனைவி பக்கமாக நகர்த்திப் போட்டார்.

“உனக்குப் புடிக்காத அந்த ரிஜின் பையனைக் கட்டிக்கிட்டாங்கற ஒண்ணுக்காக நாலு வருசமா நம்ம மகள ஊட்டுப் படி மிதிக்க உடமாட்டேங்கறே” என்றார். “அதான், உன்னையவாச்சும் தெனம் ஒரு மணி நேரம் அவகிட்ட அனுப்பலாம்னு பாத்தேன், புள்ள.”