வெள்ளைக் காளானின் அடிப்பக்கம்

மழை விட்டதும் வயலெலி ஒன்று குட்டிகளுக்கு இரை தேடி மூங்கில் காட்டுக்குள் வந்தது. அங்கே பால்போல் வெளுத்த காளான் ஒன்று நின்றது.

“என்னை எடுத்துப் போயேன். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடட்டும்” என்றது காளான்.

எலிக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் குடைக்கு அடியில் எட்டிப் பார்த்தது. மடிப்புகளும் வெள்ளை, தண்டில் பாவாடைபோல் ஒரு வளையம். சந்தேகம் வந்து அடிமண்ணைப் பறித்தது.

“அங்கே ஏன் தோண்டுகிறாய்? வெறும் அழுக்குதான்” என்று காளான் பதறியது.

தண்டின் அடியைச் சுற்றிக் கிழிந்த பைபோல் ஓர் உறை இருந்தது.

“இது இருந்தால் நான் தொடமாட்டேன். விஷம்” என்று எலி பின்வாங்கியது.

“மண்ணையாவது மூடிவிட்டுப் போம்மா. வெட்கமாயிருக்கிறது.”

எலிக்குப் பாவமாயிருந்தது. மண்ணைத் தள்ளப் போனபோது, முயல்குட்டிகள் கூச்சலிட்டபடி வரும் சத்தம் கேட்டது. அவையும் அந்த உறையைப் பார்க்கட்டும் என்று குழியை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு, வெறும் வாயோடு வளைக்குத் திரும்பியது.